பாறை மேல் ஒன்பதாவது கூடை

எறிதட்டுகளில் ரிப்பனை வீட்டுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். ஆட்டக்களத்துக்குப் போய் ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைக்கிறவனுக்கு அனுபவம் போதாது என்று அர்த்தம். பிப்ரவரிக் குளிரில் எந்த டேப்பும் எதிலும் ஒட்டாது. ஹில்க்கா சமையல் மேசையில் தன் தட்டுகளைக் கவிழ்த்துப் பரப்பி, ஒவ்வொன்றின் அடிப்பக்கமும் ஒரு முழத்துக்கு மேல் நீளமான ஆரஞ்சு ரிப்பனை வைத்து, டேப்பைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். எறிந்த தட்டு பனிக்குள் புதைந்துபோனாலும் அதன் வால் வெளியே நிற்கும். வாலைப் பிடித்து இழுத்தால் தட்டு வரும். வால் இல்லாமல் எறிந்தவன் தன் தட்டை மே மாதம் பனி உருகியதும் போய்ப் பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

"என்னக்கா, தட்டுக்கு வைத்தியம் பாக்குறியா?" என்று கேட்டபடி தார்மோ உள்ளே வந்தான். அவளுடைய தம்பி. அதே முற்றத்தில் எதிர்வீட்டில் இருந்தான். இடது முழங்காலுக்குக் கீழே அவனுக்குச் செயற்கைக் கால்.

"கிண்டல் பண்ணாம காபியைக் குடி."

"ஜெயிச்சிருவியா?"

"பின்ன, தோக்கறதுக்கா இந்தக் குளிர்ல போறேன்?"

தார்மோ கோப்பையைப் பார்த்துக்கொண்டே காபியைக் குடித்தான். அக்கா எதற்காக இப்படித் துடிக்கிறாள் என்று ஊருக்கே தெரியும், அவனுக்கும் தெரியும். அவர்கள் இருவரும்தான் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

விஷயம் இதுதான். ஹவுகிலம்பி ஆட்டக்களத்தில் ஒன்பது கூடைகள். கம்பத்தில் மாட்டிய இரும்புக் கூடைகள், மேலே சங்கிலிகள் தொங்கும். தூரத்து மேடையிலிருந்து தட்டை வீசி, அது விழுந்த இடத்திலிருந்து மறுபடி வீசி, கடைசியில் கூடைக்குள் போட வேண்டும். குறைந்த எறிகளில் முடிக்கிறவருக்கு வெற்றி. எட்டுக் கூடைகளை நடும்போது சங்கத்தில் எந்தத் தகராறும் இல்லை. ஒன்பதாவதில்தான் வந்தது வினை. ஏரிக்கரையில் நடலாம் என்றார்கள் சிலர். பிர்ச் மரங்களுக்குள் நடலாம் என்றார்கள் சிலர். மொட்டைப் பாறையின் உச்சியைத் தவிர வேறெங்கும் நடக் கூடாது என்று ரெய்யோ அடம்பிடித்தான். சண்டை முற்றி, ஒருத்தர் வீட்டு சவுனாவுக்கு இன்னொருத்தர் ஆவிக் குளியலுக்குப் போவதைக்கூட நிறுத்திவிட்டார்கள். அதைவிடப் பெரிய பகை அந்த ஊரில் கிடையாது. கடைசியில் ஒரு வழியாக ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். வருஷா வருஷம் பனி ஆழமாகக் கிடக்கும் பிப்ரவரியில் ஒரு போட்டி. ஜெயிக்கிறவர் கைகாட்டும் இடத்தில் அந்த வருஷம் முழுக்க ஒன்பதாவது கூடை நிற்கும். கோடையில் யார் வேண்டுமானாலும் எறியலாம், இடுப்பளவு பனியில் எறிகிறவனுக்குத்தான் பேச உரிமை என்பது அவர்கள் கட்சி.

சில வருஷங்களாக ரெய்யோவே ஜெயித்து வந்தான். கூடையும் பாறை உச்சியிலேயே நின்றது.

போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்தில், காட்டில் மரம் ஏற்றும்போது தார்மோவின் கால் போயிற்று. அடுத்த கோடையில் புதுக் காலோடு ஆட வந்தான். எட்டுக் கூடைகளை ஜம்மென்று ஆடி முடித்தான். ஒன்பதாவதுக்குப் பாறை ஏறும்போது பாசி வழுக்கி, செயற்கைக் கால் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம் என்று உருண்டான். கூட இருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று பிற்பாடு ஹில்க்காவிடம் சொன்னான். அதற்கப்புறம், "எனக்கு எட்டு போதும்ப்பா" என்று அவனே அறிவித்துவிட்டான். மற்றவர்கள் பாறை ஏறும்போது கீழே நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லோருக்கும் சாசேஜ் வாட்டுவான்.

அதைத்தான் ஹில்க்காவால் பார்க்கச் சகிக்கவில்லை. மேலே சங்கிலி கலகலவென்று சத்தம் போடும். கீழே அவள் தம்பி காதில் விழாத மாதிரி சாசேஜைத் திருப்பிக்கொண்டிருப்பான்.  மானத்தை விட்டு ரெய்யோவிடமே ஒருநாள் போய்க் கேட்டாள்.

"கூடையை இறக்கிடேன்யா. உனக்கென்ன குறைஞ்சிடும்?"

"சட்டம்னா சட்டம்தான் தாயே. ஜெயிச்சு இறக்கு," என்றான் ரெய்யோ. ஈவு இரக்கம் இல்லாதவன் இல்லை அவன். தார்மோவை மருத்துவமனைக்குத் தன் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனவனே அவன்தான். ஆனால் அந்தக் கூடையைச் சிமெண்டோடு முதுகில் சுமந்து ஏற்றினவனும் அவன்தான். அதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டான்.

"ஜெயிச்சே இறக்குறேன், பாத்துக்கிட்டே இரு," என்றாள் ஹில்க்கா. அன்று பிடித்த பிடி. பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு போட்டு, அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்த கையோடு, பின்னால் உறைந்து கிடந்த ஏரியில் இறங்கித் தட்டு எறிவாள். தோள்பட்டை வீங்கியது. விரல் நுனியெல்லாம் வெடித்தது. கையுறை போட்டால் பிடி சரியாக வராது என்று வெறுங்கையோடு எறிந்தாள். பனியில் தட்டையாக வந்து விழும் தட்டு உள்ளே புகுந்து சுரங்கம் தோண்டிக்கொண்டு எங்கேயோ போய்விடும். செங்குத்தாக வந்து இறங்கினால் விழுந்த இடத்திலேயே நிற்கும். அப்படி நிறுத்தக் கற்றுக்கொள்வதற்குள் பாதிக் குளிர்காலம் போய்விட்டது.

போட்டியன்று காற்று இல்லை. குளிர் மட்டும் மூக்குக்குள் முள்ளாகக் குத்தியது. மேடைகளைக் காலையிலேயே வழித்துச் சுத்தம் செய்திருந்தார்கள். மேடையை விட்டு ஓரடி தள்ளிக் கால் வைத்தால் தொடை வரைக்கும் இறங்கியது. ஹில்க்கா, ரெய்யோ, மருந்துக்கடை ஓனா, மூவரும் ஒரே குழு. ஓனா சின்னப் பெண், எண்ணிக்கை வைக்கும் வேலை அவளுடையது. அவர்களுக்கு முன்னால் ஸ்னோமொபைல் தடத்தில் உதைவண்டியை, ஒரு காலால் உதைத்துத் தள்ளும் பனிச்சறுக்கு வண்டியை, ஓட்டிக்கொண்டு தார்மோ போனான். தட்டு எங்கே புதைகிறது என்று பார்த்துச் சொல்ல ஒருவர் முன்னால் போய் நிற்பது வழக்கம். நிற்கிறவர் சொன்னால் சொன்னதுதான், அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

முதல் கூடையிலேயே ரெய்யோ வாயை ஆரம்பித்துவிட்டான்.

"என்ன ஹில்க்கா, சாம்பார் ஊத்துற மாதிரி கையைச் சுழட்டுற?" சாம்பார் என்று அவன் சொல்லவில்லைதான், பட்டாணி சூப் என்றான். கொதிப்பு ஒன்றுதான்.

"யோவ், வாயைத் தொறந்து வெச்சா நாக்கு உறைஞ்சு போயிடும். மூடிக்கோ."

"அண்ணே, உங்க எறி," என்றாள் ஓனா.

மூன்றாவது கூடையில் ரெய்யோவின் தட்டு காணாமல் போனது. ரிப்பன் அறுந்திருந்தது. எல்லோரும் முட்டி போட்டுப் பனியைக் கையாலும் மண்வெட்டியாலும் கிளறினார்கள். எதிராளியின் தட்டையும் தேடித்தான் ஆக வேண்டும், அது மரியாதை. ஹில்க்காவும் தேடினாள். மனசுக்குள் மட்டும் 'கிடைக்கக் கூடாது, கிடைக்கக் கூடாது' என்று ஓடிக்கொண்டிருந்தது. கிடைக்கவில்லை. ரெய்யோவுக்கு ஓர் எறி நஷ்டம். அவள் உச்சி குளிர்ந்தது. ஆனால் ஐந்தாவதில் அவளுடைய தட்டு ஊசியிலைக் கிளையில் பட்டு, மரத்திலிருந்த பனி மொத்தமும் அவள் தலையில் கொட்டி, அந்த லாபம் கையை விட்டுப் போனது. கழுத்துக்குள் இறங்கிய பனியைத் தட்டிவிடக்கூட நிற்காமல் அடுத்த மேடைக்கு நடந்தாள்.

"அக்கா, சட்டைக்குள்ள பனி. கொஞ்சம் நில்லுக்கா," என்றாள் ஓனா.

"உருகினா தண்ணி. நட."

எட்டாவது கூடை முடிந்தபோது ஹில்க்காவும் ரெய்யோவும் சமம், மற்ற எல்லோரும் பின்தங்கிவிட்டார்கள். ஓனா எண்ணிக்கையை இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். மிச்சம் ஒன்பதாவது மட்டும்தான்.

பாறையடியில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. ஏற்கெனவே ஆடி முடித்தவர்கள் சுற்றி நின்று கை காய்ந்தார்கள். பாறை மேல் நின்று தட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டியவனுக்கு விரல் மரத்துப்போய் அவன் சவுனாவுக்கு ஓடிவிட்டான் என்று யாரோ சொன்னார்கள். "யாராவது ஏறுங்கப்பா," என்றான் ரெய்யோ. நெருப்பை விட்டு யாரும் நகரவில்லை.

"நான் போறேன்," என்றான் தார்மோ.

ஹில்க்கா திரும்பினாள். "நீயா? பேசாம உக்காரு."

"பாறையெல்லாம் பனி மூடிக் கிடக்கு. பாசி இல்ல, வழுக்கல் இல்ல. முட்டி போட்டு ஏறிடுவேன்."

"தார்மோ, சொன்னாக் கேளு. விழுந்து வெச்சேன்னா—"

"விழுந்தா பனியிலதானே விழுவேன்? மெத்தை."

அவன் உதைவண்டியைச் சாய்த்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். மண்வெட்டியை மேலே குத்துவான், அதைப் பிடித்து உடம்பை இழுப்பான், நல்ல காலை ஊன்றுவான், மற்றதை இழுத்துக்கொள்வான். பாதி தூரத்தில் இடுப்பு வரை புதைந்து அசையாமல் நின்றான். ஹில்க்கா தட்டைப் போட்டுவிட்டு ஓடப் பார்த்தாள். ரெய்யோ அவள் சட்டைக் கையைப் பிடித்தான்.

"விடு. அவன் கூப்பிடலயே."

"என் தம்பிய்யா!"

"தெரியும். அவன் கூப்பிடல."

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் ரெய்யோவை ஓர் அறை அறைந்திருப்பாள். ஆனால் மேலே தார்மோ பனியைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே தோண்டி வெளியே வந்துவிட்டான். எல்லோரும் குளிரில் கால் மாற்றி மாற்றிக் குதித்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒருத்தர்கூட 'சீக்கிரம்' என்று சொல்லவில்லை. கடைசியில் உச்சியில் அவன் தொப்பி தெரிந்தது, பிறகு மண்வெட்டி ஆடியது.

ரெய்யோ முதலில் எறிந்தான். தட்டு பாறையின் பாதி உயரத்தில் விழுந்தது. அங்கே ஏறிப் போய் இரண்டாவதை எறிந்தான். கூடையை ஒட்டி விழுந்தது. அடுத்த எறியில் அவன் போடாமல் விட மாட்டான். ஆக ரெய்யோவுக்கு மூன்று. ஹில்க்கா இரண்டில் முடித்தால் கூடை கீழே இறங்கும்.

அவள் மேடையில் ஏறினாள். கையுறையைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொண்டாள். பாறைக்குப் பின்பக்கம் ஏரிப் பள்ளம். விளிம்பை ஒட்டி நீலக் கம்புகள் நட்டிருந்தார்கள், கம்பைத் தாண்டினால் வெளியே. ரொம்ப எறியவும் கூடாது, குறையவும் கூடாது. இழுத்து விட்டாள். ஆரஞ்சு வால் படபடக்கத் தட்டு மரங்களுக்கு மேலே ஏறி, உச்சிக்கு மேல் சாய்ந்து, இறங்கியது. ஒரு பிடி பனி எழும்பியது. அது அடங்கியதும் கூடைக்குச் சற்றுத் தள்ளி, நீலக் கம்புக்கு இந்தப் பக்கம், ஆரஞ்சு ரிப்பன் நுனி கீழே நின்றவர்களுக்கே தெரிந்தது.

"உள்ளே!" என்று யாரோ கத்தினார்கள். கை தட்டினார்கள். ஓனா ஹில்க்காவைக் கட்டிக்கொண்டாள். அங்கிருந்து கூடைக்கு நாலு எட்டுகூட இருக்காது. ஏரியில் அவள் தினமும் போட்டுப் பழகின தூரம். பாதிப் பாறையில் நின்ற ரெய்யோகூட உதட்டைப் பிதுக்கி, "நல்ல எறி," என்றான். ஹில்க்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. இறங்கப் போகிறது. அந்தப் பாழாய்ப்போன கூடை இறங்கப் போகிறது.

மேலே தார்மோ ரிப்பனை நோக்கித் தவழ்ந்து போனான். நுனியைப் பிடித்தான். இழுக்கவில்லை, அதைத் தொடர்ந்து கையாலேயே பனியைத் தோண்டிக்கொண்டு போனான். தோண்டத் தோண்ட ரிப்பன் நீண்டது. கம்பு வரை போனான். கம்பைத் தாண்டிக் கையை முழங்கை வரை உள்ளே விட்டான். அப்படியே சிறிது நேரம் படுத்துக் கிடந்தான்.

பிறகு தலையைத் தூக்கி, காடு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினான்.

"வெளியே!"

கை தட்டல் நின்றது.

"என்னடா சொல்ற? ரிப்பன் இந்தப் பக்கம்தானே இருக்கு!" என்று ஹில்க்கா கத்தினாள்.

"ரிப்பனை வெச்சு என்ன பண்ண? தட்டு அந்தப் பக்கம் போயிடுச்சு. வெளியேதான்!"

அப்பீல் கிடையாது. ஓர் எறி தண்டம். கம்புக்குப் பக்கத்திலிருந்து அவள் மூன்றாவது எறியைப் போட வேண்டும். விழுந்தால் சமம், மறுபடி ஆடலாம். விழாவிட்டால் முடிந்தது. ஹில்க்கா எப்படிப் பாறை ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. ரெய்யோவும் ஓனாவும் பின்னால் ஏறினார்கள். பனியில் முட்டி போட்டாள். தம்பியைப் பார்க்கவே இல்லை. மூச்சைப் பிடித்து எறிந்தாள். தட்டு சங்கிலியில் நன்றாகவே பட்டது. கலகலவென்று சத்தம் வந்தது. சங்கிலி அதை ஒரு சுற்றுச் சுற்றி வெளியே துப்பிவிட்டது.

ரெய்யோ தன் தட்டை எடுத்துக் கூடைக்குள் போட்டான். யாரும் கை தட்டவில்லை.

ஹில்க்கா எழுந்து, கீழே கிடந்த தட்டை எடுத்துக்கொண்டு நேரே தார்மோவிடம் போனாள்.

"ஏண்டா? யாருக்குடா தெரியப்போகுது? மூச்சு விடாம இழுத்து இந்தப் பக்கம் போட்டிருந்தா யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"யாருக்காகடா நான் இந்தக் குளிர்ல கையை வெடிக்கவிட்டேன்?"

"எனக்காகத்தான். ஊரே சொல்லுது. அக்கா ஜெயிச்சுக் கூடையை இறக்கித் தரப்போறாளாம் தம்பிக்கு." அவனும் கத்தினான். "என்னை மட்டும் ஒருத்தரும் கேக்கல. நீயும் கேக்கல. கூடை கீழே வரணுமா வேண்டாமான்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

"நீதானே எட்டு போதும்னே!"

"நான் சொன்னா? விழுந்தவன் சொல்றதை அப்படியே நம்புவியா? எட்டு யாருக்குக்கா போதும்?"

ஹில்க்கா இத்தனை நாளும் அவன் குனிந்து சாசேஜ் திருப்பியதைப் பார்த்துத் தானே ஒரு முடிவுக்கு வந்து, தானே அழுது, தானே பல்லைக் கடித்திருக்கிறாள். அவமானமாக இருந்தது. கோபமும் போகவில்லை.

ரெய்யோ தொண்டையைச் செருமினான். ஜெயித்தவன் இடத்தைச் சொல்ல வேண்டும். "தார்மோ, உனக்கு எங்கே—"

"என்னைக் கேக்காதே. ஜெயிச்சவன் நீ."

ரெய்யோ கூடையின் மேல் கையை வைத்தான். "இங்கேயே," என்றான், மெதுவாக.

"சரி," என்றான் தார்மோ. மண்வெட்டியை ஹில்க்காவிடம் நீட்டினான். "இதை நீ வெச்சுக்கோ. நான் கீழே போறேன்."

"எதுக்கு?"

"ஆடத்தான். எட்டுக் கூடையும் உங்க கூடவே வந்திருக்கேன், ஒன்பதாவதை விட்டுட்டுப் போகவா? மேடையிலிருந்து எறிஞ்சிட்டு ஏறி வரேன்."

"இப்பவா? இப்பத்தானே உயிரைக் கொடுத்து ஏறின!"

"அதனாலதான். ஏற முடியும்னு இப்பத்தானே தெரிஞ்சுது." அவன் அவள் கையிலிருந்த தட்டைப் பிடுங்கிக்கொண்டான். "நீ இங்கேயே நின்னு எங்கே விழுதுன்னு பாத்துச் சொல்லு. உள்ளதைச் சொல்லணும். எனக்காக ஒண்ணும் பண்ணாதே."

பாறைச் சரிவில் உட்கார்ந்து, பிட்டத்தால் சறுக்கிக்கொண்டே கீழே போனான். ரெய்யோவும் ஓனாவும் பின்னால் இறங்கினார்கள். உச்சியில் ஹில்க்கா தனியாக நின்றாள். கண்ணிமையில் ஈரம் உறைந்து ஒட்டியது, புறங்கையால் தேய்த்துவிட்டாள். கீழே நெருப்பைச் சுற்றியிருந்தவர்கள் ஒதுங்கி மேடைக்கு வழி விட்டார்கள். தார்மோ மேடையில் ஏறி, இரண்டு காலையும் அகட்டி ஊன்றிக்கொண்டு, பலங்கொண்ட மட்டும் எறிந்தான்.

தட்டு மரங்களுக்கு மேலே வந்தது. நல்ல எறி. ரொம்ப நல்ல எறி. கூடைக்கு மேலே போய், அவள் தலைக்கு மேலே போய், நீலக் கம்புக்குப் பக்கத்தில் பனிக்குள் புகுந்தது. ரிப்பன் கம்புக்கு இந்தப் பக்கம்தான் நின்றது. அவள் முட்டி போட்டு, ரிப்பனைப் பிடித்து, வெறுங்கையால் தோண்டிக்கொண்டே போனாள். கம்பு வந்தது. கம்பைத் தாண்டி, மரத்துப்போன விரலில் தட்டின் விளிம்பு இடறியது.

கீழே எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இழுத்து இந்தப் பக்கம் போட ஒரு நொடி போதும். அவள் எழுந்து நின்று, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துக்கொண்டாள்.

"வெளியேடா!"

தார்மோ கீழே சிரிப்பது அவளுக்குக் கேட்டது. பனியை, பாறையை, ரெய்யோவை, எல்லாரையும் ஒரு சுற்றுத் திட்டி முடித்துவிட்டு, கையை மேலே ஊன்றி அவன் ஏற ஆரம்பித்தான். ஹில்க்கா ஓடிப் போய்க் கை கொடுக்கவில்லை. கூடைக்குப் பக்கத்தில், அவன் வந்து சேரும் வரை நின்றாள்.